அணுப் பௌதிகமும் காந்த உணரியும்: கொழும்பில் இருந்துகொண்டு இதில் ஆராய்ச்சி செய்யலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பௌதிகவியல் சிறப்புப் பட்டத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறீர்கள். ருபீடியம் ஆவியையும் லேசரையும் வைத்து மூளையின் காந்தப்புலத்தை அளப்பது பற்றி ஒரு விரிவுரை கேட்டீர்கள். அன்றிலிருந்து அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தத் துறையில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளராக இருப்பது எப்படிப்பட்ட வேலை, அதைக் கொழும்பில் இருந்தபடி செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், அம்மா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள்: "இதைப் படிச்சிட்டு என்ன செய்யப் போறாய்?" எனக்கென்னவோ உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று படுகிறது. உணரி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் எங்கும் கிடைக்கும். அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில்தான் கிடைப்பதில்லை. அதனால் இந்த வேலையில் இருக்கும் ஒருவர் காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்து மாலையில் பூட்டும்வரை என்னதான் செய்கிறார் என்பதையே அதிகம் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி, நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வதற்காக. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம்தான். முதலாம் வருட விரிவுரையில் 'பிரீக்குவென்சி' என்ற சொல் பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் அது நம்முடைய மீடிறன் என்று விளங்கியது. கலாநிதிப் பட்டம் வட ஐரோப்பாவில், சீசியம் ஆவிக் காந்தமானியில். கொழும்பில் கற்பிக்கத் தொடங்கிப் பதினொரு வருடம். ஆவிக்கலம் (உலோக ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பி), லேசர், புவிக்காந்த அளவீடு மூன்றும் என் கைபட்டவை. மூளை அளவீட்டைப் பார்வையாளனாக நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வைரத்தின் குறைபாடுகளை உணரியாக்கும் வேலை எனக்கு வாசிப்பறிவு மட்டுமே, அதைப் பற்றிக் கேட்டால் வேறு ஆளைத்தான் காட்டுவேன்.

விஷயத்தின் அடிப்படை எளியது. ருபீடியம், சீசியம் போன்ற அணுக்களின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் இலத்திரன் இருக்கிறது. அதனால் அணு முழுவதும் ஒரு சின்னக் காந்தம்போல் நடந்துகொள்ளும். காந்தப்புலத்தில் வைத்தால், வேகம் குறைந்த பம்பரம் தலையைச் சுழற்றுவதைப்போல, புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டும். ஒரு செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்பதைப் புலத்தின் வலிமை தீர்மானிக்கிறது. காந்தப்புலத்தின் அலகு தெஸ்லா, அதில் நூறு கோடியில் ஒரு பங்கு நனோதெஸ்லா. ருபீடியம் 87க்கு ஒரு நனோதெஸ்லாவுக்கு ஏறத்தாழ 7 ஹேர்ட்ஸ், சீசியத்துக்கு ஏறத்தாழ 3.5. கொழும்பில் பூமியின் புலம் சுமார் 40,000 நனோதெஸ்லா, ஆகவே இங்கே ருபீடியம் 280 கிலோஹேர்ட்ஸ் அளவிலும் சீசியம் 140 கிலோஹேர்ட்ஸ் அளவிலும் ஆடும். மனிதன் மிகத் திருத்தமாக அளக்கத் தெரிந்துகொண்ட கணியம் மீடிறன்தான். காந்தப்புலத்தை மீடிறனாக மாற்றிக் கையில் தருவதுதான் அணு செய்யும் உதவி. ஆனால் கலத்துக்குள் இருக்கும் கோடானுகோடி அணுக்கள் ஆளுக்கொரு திசையில் ஆடினால் ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் லேசர். வட்டமாக முனைவாக்கிய ஒளியை, அதாவது மின்புலத்தின் திசை சுழன்றபடியே வரும் ஒளியை, ருபீடியத்துக்கு 795 நனோமீற்றரிலும் சீசியத்துக்கு 895 நனோமீற்றரிலும் வைத்துப் பாய்ச்சினால், அணுக்கள் ஒவ்வொன்றாக அந்த ஒளியை மேலும் உறிஞ்ச முடியாத ஒரு நிலைக்குப் போய்ச் சேர்கின்றன. எல்லாம் சேர்ந்ததும் கலம் ஒளிக்கு வழிவிடுகிறது. ஆட்டம் தொடங்கினால் உறிஞ்சலும் ஆட்டத்துக்கு ஏற்றபடி கூடிக் குறையும், மறுபக்கத்து ஒளியுணரி அந்த மினுக்கத்தை எண்ணும். ஒளியால் அணுக்களை இப்படி ஒரு நிலையில் குவிக்கும் வழியைக் கண்டதற்குத்தான் அல்பிரட் காஸ்ட்லர் 1966இல் நோபல் பரிசு பெற்றார். காந்தப்புலம் ஒளியின் நிறமாலைக் கோட்டை மாற்றுகிறதா என்று மைக்கேல் பரடே 1862இல் தேடிப் பார்த்து ஒன்றும் காணவில்லை. 1896இல் பீற்றர் சீமன் அதையே இன்னும் நல்ல கருவியோடு பார்த்துக் கண்டார். பரடேயின் எண்ணத்தில் பிழை இல்லை, அவரிடம் இருந்த கருவி போதவில்லை. இந்தத் துறையின் கதை முழுக்க ஏறத்தாழ அப்படித்தான்.

அளவுகளை ஒரு முறை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பூமியின் புலம் இடத்துக்கு இடம் 25,000இலிருந்து 65,000 நனோதெஸ்லா வரை. பிக்கோ என்பது நனோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெம்டோ என்பது பிக்கோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதயம் நெஞ்சுக்கு வெளியே உண்டாக்கும் புலம் சுமார் 100 பிக்கோதெஸ்லா. மூளை தலைக்கு வெளியே உண்டாக்குவது சுமார் 100 பெம்டோதெஸ்லா, அதாவது கொழும்பில் பூமியின் புலத்தில் நாற்பது கோடியில் ஒரு பங்கு. 2003இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று பொற்றாசியம் ஆவியை வைத்து ஒரு பெம்டோதெஸ்லாவுக்கும் கீழான உணர்திறனைக் காட்டியது. அதற்கு அணுக்களைச் சூடாக்கி நெருக்கமாக்க வேண்டும், சுற்றியுள்ள புலத்தையோ கிட்டத்தட்டப் பூச்சியமாக்க வேண்டும். நிக்கலும் இரும்பும் கலந்த உலோகத்தில் பல அடுக்குக் கவசம் போட்டு, உள்ளே சுருள்கள் வைத்து மிச்சத்தைக் கழித்து, அப்புறம்தான் அளவீடு. அந்தக் கவசம் கைதவறிக் கீழே விழுந்தாலே குணம் கெட்டுவிடும், திரும்ப ஐதரசன் சூளையில் பதப்படுத்த அனுப்ப வேண்டும். நீங்கள் விரிவுரையில் பார்த்த தலைக்கவசப் படம், 2018இல் நொட்டிங்ஹாம் குழு வெளியிட்ட வேலையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பழைய மூளைக் காந்த வரைவிக்குத் திரவ ஈலியத்தில் மூழ்கிய மீகடத்தி உணரிகள் தேவை, நோயாளி தலையை அசைக்கக் கூடாது. புதியதில் உணரிகள் தலையோடு சேர்ந்து அசையும்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் செய்வது, சுருக்கமாகச் சொன்னால், வேண்டாததைத் தேடிப் பிடிப்பது. அளக்க விரும்பும் புலம் சிறியது, அதை மூடி மறைக்கும் மற்றப் புலங்கள் எல்லாம் பெரியவை. அணு எதையும் பிரித்துப் பார்க்காது, வருவதையெல்லாம் ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது ஆளின் வேலை. என் வேலை நேரத்தில் கற்பித்தலும் வினாத்தாள் திருத்தலும் போக மிஞ்சுவதில், பத்தில் ஏழு பங்காவது இதற்கே போகிறது. புதிய எண்ணம் ஒன்று தோன்றி அதைச் செய்து பார்க்கும் நாட்கள் வருடத்துக்குச் சில வரும், அவ்வளவுதான். இது தெரியாமல் வருகிறவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் மனம் உடைந்து போகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சில வருடங்களுக்கு முன் கவசம் இல்லாத சீசியம் உணரி ஒன்றை மேசையில் வைத்து நீண்ட நேரப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தோம். காலை ஒன்பதரைக்குப் பிறகு பதிவு திடீர்த் திடீரென்று சில நனோதெஸ்லா குதிக்கும், பிறகு பழைய இடத்துக்கே வரும். சனி ஞாயிறில் இல்லை. லேசரைச் சந்தேகித்தோம், வெப்பநிலைக் கட்டுப்பாட்டைச் சந்தேகித்தோம், குளிரூட்டியை நிறுத்தி வியர்வையில் நனைந்தபடி பார்த்தோம். குதிப்பு இருந்தது. நான்காம் நாள் உதவி விரிவுரையாளராக இருந்த பெண் லேசர் சக்தியைக் குறித்துக்கொள்ள மேசைக்குக் கிட்டே குனிந்தபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்ததும் கோடு எழுந்தது, நிமிர்ந்ததும் இறங்கியது. சேலை மடிப்பில் குத்தியிருந்த இரும்புப் பின். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விரிவுரைக்குச் சேலை உடுத்துத்தான் வர வேண்டும். நான் என் பெல்ட்டைக் கழற்றி அருகே கொண்டுபோனேன், அது பின்னைவிட மோசம். அன்றிலிருந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது: திறப்பு, பெல்ட், போன், பின் எல்லாம் அதற்குள். இதில் பௌதிகம் எங்கே என்று கேட்பீர்கள். இருமுனைவின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது என்று உயர்தரத்திலேயே படித்திருந்தோம். ஆனால் அரை மீற்றரில் ஓர் ஊசி என்ன செய்யும் என்று ஒருவரும் ஒரு வரிக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் நான்கு நாள் மிச்சம்.

இப்படிப்பட்டவை நிறைய. கலத்தைச் சூடாக்கும் கம்பியில் ஓடும் மின்னோட்டமே ஒரு காந்தப்புலம். அதனால் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கிப் போட வேண்டும், அல்லது அளக்கும் சில மில்லிசெக்கனுக்கு ஹீட்டரை நிறுத்த வேண்டும். காந்தம் பிடிக்காது என்று விற்கும் துருவேறா உருக்கு, வளைத்து வெட்டிய இடத்தில் காந்தம் பிடிக்கத் தொடங்கிவிடும். லிஃப்டின் இரும்பு எதிர்ச்சுமை நம் மாடியைத் தாண்டும்போது தெரியும், யன்னலுக்குக் கீழே ஓட்டோ வந்து நின்றால் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவருக்குள் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஊரே சபித்துக்கொண்டிருந்த அந்த இரவுகளில் இரண்டில், உணரியைப் பற்றரியில் ஓட்டிப் பதிவு எடுத்தோம். பதிவை மீடிறன் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் எப்போதும் தூண்போல நிற்கும் 50 ஹேர்ட்ஸ் கோடு காணாமல் போயிருந்தது. அரை மணி நேரம்தான். பிறகு பக்கத்து அடுக்குமாடியின் ஜெனரேற்றர் தொடங்கியது. அதன் மீடிறன் சுமைக்கேற்ப அலைவதால், தூண் இருந்த இடத்தில் ஒரு மேடு வந்து உட்கார்ந்துகொண்டது. தூணை வடிகட்டுவது இலகு, மேட்டை வடிகட்ட முடியாது. அரை மணி நேரப் பதிவைத்தான் ஒரு கட்டுரையில் பயன்படுத்த முடிந்தது. இருந்தாலும் நம் ரயில் டீசலில் ஓடுவது எனக்கு வசதி. பம்பாயில் ட்ராம் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றத் தீர்மானித்தபோது, கொலாபாவில் பல காலம் நடந்த காந்தப் பதிவை அலிபாக்குக்கே பெயர்க்க வேண்டி வந்தது. அலிபாக் நிலையம் 1904இல் தொடங்கியது.

அப்படியானால் கொழும்பில் இந்த வேலைக்கு என்ன இடம் இருக்கிறது? இங்கேதான் ஒரு நல்ல செய்தி, அதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி முதல் உணரியைக் கட்டியபோது, அங்கே செய்த பழக்கத்திலேயே ஒளிக்கற்றையை நிலைக்குத்தாக வைத்தேன். இரண்டு வாரமாக ஒழுங்கான சமிக்ஞை வரவில்லை. கலம் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றை மாற்றினேன், அதிலும் இல்லை. காரணம் வெட்கக்கேடானது. இந்த வகை உணரியில் ஒளிக்கும் காந்தப்புலத்துக்கும் இடையே 45 பாகை இருந்தால் சமிக்ஞை உச்சம். இரண்டும் ஒரே திசையில் இருந்தாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தாலும் சமிக்ஞை செத்துவிடும். வட ஐரோப்பாவில் புவிக்காந்தப்புலம் நிலத்துக்குள் குத்தென இறங்குகிறது, அதனால் நிலைக்குத்தான ஒளிக்கும் புலத்துக்கும் இடையே வேலைக்கு ஆகக்கூடிய ஒரு கோணம் இருக்கும். கொழும்பில் புலம் கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்துக் கிடக்கிறது. என் ஒளி அதற்குச் சரியான செங்குத்து. கற்றையைக் கிடையாகத் திருப்பி, வடக்கிலிருந்து 45 பாகை விலக்கி வைத்ததும் சமிக்ஞை எழும்பி நின்றது.

புலம் இங்கே படுத்துக் கிடப்பதற்குக் காரணம் காந்த மத்தியகோடு, அதாவது புவிக்காந்தப்புலம் முற்றிலும் கிடையாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, பக்கத்திலேயே போவது. தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வட பாதியையும் ஒட்டி அது போகிறது. 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவ, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். காந்த மத்தியகோட்டுக்கு நேர் மேலே, நிலத்திலிருந்து 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. கோட்டின் இருபுறமும் சில பாகை மட்டுமே அகலமான ஒரு பட்டை அது. அதன் விளைவாக நண்பகலை ஒட்டி நிலத்தில் கிடைப்புலம் பல பத்து நனோதெஸ்லா உயர்ந்து பிறகு இறங்கும், சூரியன் கொந்தளிக்கும் நாட்களில் வேறு வடிவம் எடுக்கும். கொழும்பும் யாழ்ப்பாணமும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருப்பவை. பெம்டோதெஸ்லா சாதனைப் போட்டியில் நாம் இறங்கினால் கடைசியில்தான் வருவோம். ஆனால் இந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து நன்றாக அளக்க எந்தக் கவசமும் வேண்டாம், இரும்பில்லாத ஓர் அமைதியான காணித்துண்டு போதும். இதில் நமக்கு இருக்கும் அமைவிட வசதி ஒஸ்லோவில் இருப்பவருக்கு இல்லை. கொழும்பில் இருந்து இந்தத் துறையில் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். சீசியத்தின் உருகுநிலை 28.5 பாகை செல்சியஸ். இங்கே பகலில் அது கலத்துக்குள் திரவமாகவே கிடக்கும், அதனால் நட்டமில்லை, உணரிக்கு எப்படியும் சூடாக்கத்தான் போகிறோம். தொல்லை லேசருக்குத்தான். அலைநீளத்தைச் சரிப்படுத்த டயோட்டைக் குளிர்விப்பார்கள். நம் காற்றின் பனிபடுநிலை 24 பாகையை ஒட்டி இருப்பதால், டயோட்டை 20 பாகைக்கு இறக்கினால் அதன்மேல் தண்ணீர் வியர்க்கும். காற்றுப் புகாத பெட்டியில் உலர்த்திப் போட்டு அடைக்காமல் முடியாது. வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது தனிக்கதை. பிறகு பணம். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, அனுமதி கிடைத்திருந்த ஆராய்ச்சிப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதிக் கருவிதான் வாங்க முடிந்தது. உலகில் ஒரே ஓர் உற்பத்தியாளர் செய்யும் பொருளுக்கு மூன்று விலைமனு கேட்கும் விதியோடு மல்லுக்கட்ட வேண்டும். சில மில்லிகிராம் ருபீடியம் உள்ள கண்ணாடிக் கலம் ஒன்று 'தண்ணீரில் பட்டால் வெடிக்கும் உலோகம்' என்ற பட்டியலில் வருவதால் எங்கோ ஒரு களஞ்சியத்தில் ஐந்து மாதம் கிடந்தது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஆனால் அந்தப் பட்டியலில் பிழையில்லை.

பயன்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சந்தேகமானதையும் கலக்காமல் தருகிறேன். புவிக்காந்த அளவீடு, கனிய ஆய்வு, விண்கலங்களில் காந்தமானி ஆகிய மூன்றும் பல தசாப்தமாக நடக்கும் வேலை, சந்தேகமில்லை. செயற்கைக்கோள்களிலும் தொலைத்தொடர்பு நிலையங்களிலும் ஓடும் ருபீடியம் கடிகாரம் இதே அணு, இதே ஒளி, ஏறத்தாழ இதே கைவேலை. மூளை அளவீடு பௌதிகமாக நிரூபணமான விஷயம், ஆனால் சாதாரண வைத்தியசாலைகளுக்கு எப்போது வரும், வருமா என்பது விலையையும் காந்தக் கவச அறையையும் பொறுத்தது, நான் ஊகிக்க மாட்டேன். செய்மதி உதவி இல்லாமல் காந்த வரைபடத்தை வைத்து விமானம் வழி கண்டுபிடிப்பது பரிசோதனையில் இருக்கிறது, விமானத்தின் சொந்த இரும்பும் மின்னோட்டமும்தான் அதில் பெரிய தலையிடி. பூமியதிர்ச்சிக்கு முன்பே காந்தப்புலம் எச்சரிக்கும் என்று 1989 கலிபோர்னியா அதிர்ச்சிக்குப் பிறகு பேசப்பட்டது. அந்தப் பதிவை வேறு ஆட்கள் திரும்ப ஆராய்ந்து மறுத்தும் இருக்கிறார்கள், அதை நம்பி வாழ்க்கையை வைக்காதீர்கள்.

வன்னியில் கண்ணிவெடி தேட இது உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரும்புக் கூடுள்ள ஷெல், விமானக் குண்டு ஆகியவற்றை நிலத்துக்கடியில் காண காந்தமானி நல்ல கருவி. ஆனால் ஆளைக் காவுகொள்ளும் மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை, உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம், அதுவும் இரும்பாக இருக்க வேண்டியதில்லை. அங்கே பயன்படும் உலோகங்காட்டி தானே ஒரு மாறும் புலத்தை அனுப்பித் திரும்ப வருவதைக் கேட்கும் வேறு வகைக் கருவி. அணுக் காந்தமானி அதன் இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இதோடு சேர்த்துப் புதையலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால் உங்களுக்கும் அழைப்பு வரும். எனக்கு வருடத்தில் நாலைந்து பேராவது எடுத்து, "சேர், தங்கத்தைக் காட்டுற மெஷின் உங்களிட்ட இருக்காமே" என்பார்கள். தங்கத்தைக் காந்தம் ஈர்க்காது. மண்ணுக்குள் இருக்கும் தங்கக் காசை எந்தக் காந்தமானியும் காட்டாது. சுட்ட செங்கல்லும் பழைய சூளையும் தெரியும், ஏனென்றால் களிமண் சூட்டிலிருந்து ஆறும்போது அந்த நேரத்துப் புவிக்காந்தத்தைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. தொல்லியலாளருக்கு அது பொக்கிஷம். அனுமதி இல்லாமல் தோண்டுகிறவருக்குக் கிடைப்பது செங்கல்லும் பொலிசும்.

போகும் பாதை பற்றி. சிறப்புப் பட்டம் நல்ல வகுப்பில் முடித்தால் ஓரிரு வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கலாம், அந்தக் காலம் வீண்போகாது, மாணவரின் பிழைகளைத் தேடித் தேடியே மின்னணுச் சுற்றுப் பழகிவிடும். கலாநிதிப் பட்டத்துக்கு வெளியே போவதுதான் இப்போதைக்கு நடைமுறை. அமெரிக்காவில் ஐந்து ஆறு வருடம் எடுக்கும், கற்பித்தல் உதவியோடு படிப்புச் செலவு பெரும்பாலும் அடங்கிவிடும். ஜேர்மனியில் அது சம்பளத்தோடு ஒரு வேலை. பிரித்தானியாவில் மூன்றரை நான்கு வருடத்தில் முடியும், ஆனால் வெளிநாட்டவருக்கான பணம் குறைவு. இங்கே நிரந்தர விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகு படிப்பு விடுமுறையில் போனால், திரும்பி வந்து சேவை செய்யப் பிணைமுறி எழுத வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். திரும்பி வந்தால் இந்தத் துறையில் பேச்சுத்துணை குறைவு, ஆளை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: லேசரை ஒரே அலைநீளத்தில் நிறுத்தி வைக்கவும், மிகச் சிறிய சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரிக்கவும், கருவி ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவருக்கு, மருத்துவக் கருவி செய்யும் இடத்திலும் கனிய ஆய்வு செய்யும் இடத்திலும் கடிகாரம் செய்யும் இடத்திலும் வேலை இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பல்கலைக்கழகத்தில் நிற்பவர் சிலர்தான், மற்றவர்கள் அந்த இடங்களில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று மட்டும் அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அது யாருடைய கையிலும் இல்லை.

முடிவெடுக்கும் முன் இந்த விடுமுறையில் ஒன்று செய்து பாருங்கள். லேசரும் கலமும் இப்போது வேண்டாம். பாயப்புழை (fluxgate) வகை உணரி ஒன்றை, அதாவது உலோக அகணியில் சுற்றிய சுருளால் காந்தப்புலத்தை அளப்பதை, உங்கள் துறையில் இருந்தால் இரவல் வாங்கி, ஒரு மாதம் கிடைப்புலத்தைப் பதிவுசெய்து நண்பகல் மேட்டைப் பிடிக்கப் பாருங்கள். வெள்ளவத்தையில் வீதியோர வீட்டில் அது நடக்காது, பாதுக்கை, அவிசாவளைப் பக்கம் உறவினர் தோட்டம் இருந்தால் நல்லது. அந்த உணரி வெப்பநிலைக்கு ஏற்ப நகரும், வெயிலும் நண்பகலில்தான் உச்சம், ஆகவே நீங்கள் காண்பது வானத்து மின்னோட்டமா வெயிலின் சூடா என்ற சந்தேகம் முதல் நாளே வந்துவிடும். பெட்டியை முழங்கை ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்து, இரண்டு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் சூடு மணிக்கணக்கில் பிந்தித்தான் இறங்கும், வானத்து மின்னோட்டம் பிந்தாது. பெட்டியை மரத்தில் செய்யுங்கள், இரும்பாணி வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ ஆணி புறக்கோட்டையில் கிடைக்கும். போகும்போது சட்டைப்பைக்குள் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள்.